டீபக்கரில் பாயிண்டர் முகவரியை மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கும் முன் ஒரு ஏற்பாடு. முகவரிகளையும் ஆஃப்செட்டுகளையும் (ஒரு தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்) ஹெக்ஸில், அதாவது பதினாறடிமானத்தில், தருகிறேன். கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, எழுத்துகள் கலக்காத ஹெக்ஸ் எண்களாகவே பொறுக்கி எடுத்திருக்கிறேன். பிட், பைட், வரிசை எண் போன்ற எண்ணிக்கைகள் எல்லாம் தசமம். கட்டளைப் பெயர்களை உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன்.

பாயிண்டரை ‘மாற்றுவது’ என்று எதைச் சொல்கிறோம்?

பாயிண்டர் என்பது மெமரியில் ஓர் இடத்தின் முகவரியைச் சுமக்கும் மதிப்பு. ஒரே இடத்துக்குப் பல எண்கள் இருப்பதுதான் இந்த வேலைக்குக் காரணம். ஒரு சின்ன சோதனை புரோகிராமை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் வழக்கமான டீபக்கரான (ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) ஜிடிபிக்குள் அது ஓடும்போது அதன் மெயின் ஃபங்ஷன் 555555555149 என்ற முகவரியில் இருக்கிறது. டிஸ்கில் உள்ள ஃபைலின் கணக்கில் அதே ஃபங்ஷன் 1149. ராம் சிப்பின் கணக்கில் 12345149. பெயர்களையும் முகவரிகளையும் இணைக்கும் சிம்பல் டேபிளைக் கேட்டால் ‘மெயின்’ என்று பெயரைச் சொல்லும். நான்கும் ஒரே இடம்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைத்தான் மாற்றுவது என்கிறோம்.

கணக்கு பெரிதாக ஒன்றுமில்லை, கூட்டல் கழித்தல்தான். கையில் இருக்கும் எண் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெரியாமல் கூட்டிக் கழிக்கும்போதுதான் நாள் கணக்கில் நேரம் போகிறது. அதனால் ஒரு முகவரியை எங்காவது குறித்து வைத்தால், அது எந்த புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), எந்த ஓட்டம், எந்த வகை என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே வரும். முடிந்தவரை மேலே சொன்ன அதே முகவரியையே கடைசிவரை எடுத்துச் செல்கிறேன்.

10 என்று அடித்தேன், டீபக்கர் 16 என்கிறது. ஏன்?

விண்டோஸ் டீபக்கரான வின்டிபிஜியின் வழக்கமான கணக்கீட்டு முறையில், முன்னொட்டு எதுவும் இல்லாத எண் ஹெக்ஸ். தசமம் வேண்டுமென்றால் சுழியமும் ‘என்’ எழுத்தும் முன்னால் வர வேண்டும். ஜிடிபியில் இது நேர்மாறு. சும்மா அடித்தால் தசமம், ஹெக்ஸுக்குத்தான் முன்னொட்டு. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர்கள் எப்போதும் முன்னொட்டோடு அடிப்பது நல்லது.

ஜிடிபியில் இன்னொரு குழி உண்டு. சி மொழியின் வழக்கப்படி, சுழியத்தில் தொடங்கும் எண்ணை அது எண்ணடிமானமாக, அதாவது ஆக்டலாக எடுத்துக்கொள்ளும். அழகுக்காக 0040 என்று அடித்தால் கிடைப்பது தசம 32. ஹெக்ஸ் 40 வேண்டுமென்று நினைத்தவருக்கு 64 கிடைத்திருக்க வேண்டும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, தவறான இடத்தின் மெமரியை அமைதியாகக் காட்டிவிடும்.

வின்டிபிஜியில் எண்ணைக் கொடுத்து ‘டாட் ஃபார்மட்ஸ்’ அடித்தால் ஹெக்ஸ், தசமம், ஆக்டல், பைனரி எல்லா வடிவத்திலும் ஒரே தடவையில் காட்டும். சந்தேகம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மெமரி டம்ப்பில் முகவரி தலைகீழாகத் தெரிகிறதே?

எக்ஸ்86 குடும்பம் லிட்டில் எண்டியன். மிகக் குறைந்த மதிப்புள்ள பைட் முதலில் வரும். நம் 555555555149 மெமரியில் பைட் பைட்டாக இப்படி உட்கார்ந்திருக்கும்: 49 51 55 55 55 55 00 00. வலமிருந்து இடமாக, இரண்டிரண்டு இலக்கமாகப் படியுங்கள். ஓர் இலக்கம் ஓர் இலக்கமாகத் திருப்பினால் கடைசி 5149 என்பது 1594 என்று கெட்டுப்போகும்.

கையால் திருப்புவதைவிட, எட்டு எட்டு பைட்டாகக் காட்டச் சொல்வது மேல். வின்டிபிஜியில் ‘டிகியூ’, ஜிடிபியில் ‘எக்ஸ்’ கட்டளையோடு ஜி, எக்ஸ் எழுத்துகள். இன்னும் நல்லது வின்டிபிஜியின் ‘டிபிஎஸ்’. பாயிண்டர்களை வரிசையாகக் காட்டி, சிம்பலோடு பொருந்துவதற்கெல்லாம் பக்கத்திலேயே பெயரையும் எழுதிவிடும். ஸ்டாக்கைப் பார்க்கும்போது நான் முதலில் அடிப்பது இதைத்தான். ஜிடிபியில் ‘எக்ஸ்’ கட்டளைக்கு ‘ஏ’ வடிவம் கொடுத்தால் கிட்டத்தட்ட இதே வேலை நடக்கும்.

பாயிண்டர் காட்டும் இடத்தில் உள்ள மதிப்பை எப்படி எடுப்பது?

ஜிடிபியில் சி மொழியைப் போலவே நட்சத்திரக் குறி. வின்டிபிஜியில் அதற்கென்று ஓர் ஆபரேட்டர் இருக்கிறது. அதன் மூன்று எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் நம் ‘போய்’தான். பொருளும் அப்படியே பொருந்தும்: அந்த முகவரிக்குப் போய், அங்கே உள்ள பாயிண்டரை எடுத்து வா. இரண்டு படி உள்ளே போக வேண்டுமென்றால் போய்க்குள் ஒரு போய். இப்படி நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். போய் எடுத்து வருவது பாயிண்டர் அளவுக்கு, அதாவது 64 பிட் சூழலில் 8 பைட். 4 பைட் மட்டும் வேண்டுமென்றால் ‘டிடபிள்யூஓ’. இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 32 பிட் கேள்வியில் ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன்.

க்ராஷ் பதிவில் ஒரு முகவரி இருக்கிறது. அதை ஃபைலில் உள்ள இடமாக மாற்றுவது எப்படி?

மாட்யூல் (புரோகிராம் அல்லது லைப்ரரி ஃபைல்) மெமரியில் எங்கே ஏற்றப்பட்டது என்பதைக் கழிக்க வேண்டும். முகவரிகளை வேண்டுமென்றே இடம் மாற்றும் ஏஎஸ்எல்ஆர் என்ற பாதுகாப்பு முறை வந்தபிறகு அந்தப் பேஸ், அதாவது ஏற்றிய தொடக்க முகவரி, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். லினக்ஸில் ஜிடிபி தானே புரோகிராமைத் தொடங்கினால் ஏஎஸ்எல்ஆரை அணைத்துவிடும். அதனால்தான் 64 பிட் எக்ஸ்86இல் பிஐஇ முறையில் (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடியதாக) கட்டிய புரோகிராம்கள் ஜிடிபிக்குள் 555555554000 என்ற அதே பேஸில் வந்து உட்காருகின்றன. 555555555149-இலிருந்து 555555554000-ஐக் கழித்தால் 1149. இதை ‘ஆடர்2லைன்’ கருவிக்குக் கொடுத்தால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் கிடைக்கும், டீபக் தகவலோடு கட்டியிருந்தால்.

இங்கே பலர் சறுக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். புராக் ஃபைல் சிஸ்டத்தில் உள்ள மேப்ஸ் ஃபைலைத் திறந்தால், ஒரே புரோகிராமுக்கு நான்கைந்து வரிகள் இருக்கும். முதல் வரி 555555554000-இல் தொடங்கும், அதற்கு எதிரே ஃபைல் ஆஃப்செட் 0. இயக்க அனுமதி உள்ள வரி அடுத்தது. அது 555555555000-இல் தொடங்கும், ஃபைல் ஆஃப்செட் 1000. நம் முகவரி இந்த இரண்டாவது வரிக்குள் விழுகிறது. அதனால் ‘இதுதானே நம் வரி’ என்று அதன் தொடக்கத்தைக் கழித்துவிடுகிறார்கள். விடை 149 என்று வரும். ஆடர்2லைன் இரண்டு கேள்விக்குறிகளைத் திருப்பித் தரும், அல்லது சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சொல்லும். எப்போதும் அந்த மாட்யூலின் முதல் வரியைக் கழியுங்கள்.

விண்டோஸிலும் கணக்கு இதேதான், ஒரு படி கூடுதல். 64 பிட் எக்ஸிக்யூட்டபிள் ஃபைலின் விருப்பப் பேஸ் வழக்கமாக 140000000, 32 பிட்டில் 400000. இயந்திரக் கட்டளைகளைப் படிக்கும் வடிவில் காட்டும் டிஸ்அசெம்பிளர் கருவிகள் அந்தப் பேஸில்தான் ஃபைலைத் திறந்து காட்டும். ‘எல்எம்’ கட்டளையில் உண்மையான பேஸைப் பார்த்துக் கழியுங்கள், வந்த ஆஃப்செட்டை 140000000-உடன் கூட்டுங்கள். 1149 என்றால் டிஸ்அசெம்பிளரில் 140001149 என்ற இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டிருக்க அலுப்பாக இருந்தால், டிஸ்அசெம்பிளரிலேயே பேஸை க்ராஷ் ஆன ஓட்டத்தின் பேஸுக்கு மாற்றிவிடலாம். எல்லா எண்களும் தானாகப் பொருந்திவிடும்.

கழிக்கும் பேஸ் அதே ஓட்டத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். க்ராஷ் முகவரி நேற்றைய பதிவிலிருந்து, பேஸ் இன்றைய ஓட்டத்திலிருந்து என்றால் வரும் எண் குப்பை. பேஸின் கடைசி இலக்கங்கள் எப்போதும் சுழியங்கள் என்பதால் (லினக்ஸில் கடைசி மூன்று, விண்டோஸில் கடைசி நான்கு) ஆஃப்செட்டின் கடைசி இலக்கங்கள் மட்டும் சரியாகவே வரும். சரியாக இருப்பது போன்ற அந்தத் தோற்றம்தான் ஆளை ஏமாற்றும்.

பேக்ட்ரேஸில் உள்ள முகவரியை மாற்றினால் அடுத்த வரியைக் காட்டுகிறது. கணக்கு தப்பா?

கணக்கு சரி. பேக்ட்ரேஸ் என்பது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல், அது ஸ்டாக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ஸ்டாக்கில் இருப்பது திரும்பிவர வேண்டிய முகவரி, அதாவது கால் கட்டளைக்கு அடுத்த கட்டளை. ஒன்றைக் கழித்துவிட்டு ஆடர்2லைனிடம் கேளுங்கள். க்ராஷ் ஆன மேல் ஃப்ரேமுக்கு (பட்டியலின் முதல் வரிக்கு) மட்டும் கழிக்க வேண்டாம், அது உண்மையாகவே நின்ற இடம்.

வர்ச்சுவல் முகவரியை ஃபிசிக்கல் முகவரியாகக் கையால் மாற்ற முடியுமா?

முடியும். வர்ச்சுவல் என்பது புரோகிராம் காணும் முகவரி, ஃபிசிக்கல் என்பது ராமில் உள்ள உண்மையான இடம். ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள். அதன்பிறகு கருவி சொல்லும் ஒவ்வொரு வரியும் புரியும்.

பேஜிங் என்பது மெமரியைப் பக்கங்களாகப் பிரித்து, அட்டவணைகள் வழியாக இடத்தைத் தேடும் முறை. எக்ஸ்86-64இல் வழக்கமான நான்கு அடுக்குப் பேஜிங்கில் முகவரியின் 48 பிட்டுகள்தான் கணக்கில் வரும். அதை ஐந்து துண்டாக வெட்ட வேண்டும்: ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, பன்னிரண்டு. முதல் நான்கு துண்டுகளும் நான்கு அட்டவணைகளின் வரிசை எண்கள். கடைசிப் பன்னிரண்டு பிட் 4096 பைட் பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்பது.

நம் 555555555149-ஐ வெட்டுவோம். கடைசி மூன்று ஹெக்ஸ் இலக்கம் 149, அது பக்கத்துக்குள் ஆஃப்செட். மீதி ஒன்பது ஐந்துகள். ஐந்து என்பது பைனரியில் 0101. ஆக மேலே உள்ள 36 பிட்டும் 0, 1 என்று மாறி மாறி வரும் வரிசை. ஒன்பது ஒன்பதாக வெட்டினால் முதல் துண்டு 010101010, தசமத்தில் 170. அடுத்தது 1-இல் தொடங்கி 101010101, அதாவது 341. பிறகு மறுபடி 170, மறுபடி 341. ஹெக்ஸ் இலக்கம் நான்கு பிட், துண்டோ ஒன்பது பிட். அதனால் ஒரே மாதிரி ஐந்துகள்கூட இரண்டு வேறு எண்களாகப் பிரிகின்றன. ஹெக்ஸ் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வரிசை எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். பைனரியில் எழுதிவிட்டு வெட்டுங்கள்.

இனி நடக்க வேண்டியதுதான். செயலியின் சிஆர்3 ரெஜிஸ்டரில் முதல் அட்டவணையின் ஃபிசிக்கல் முகவரி இருக்கும். அதன் கடைசி மூன்று ஹெக்ஸ் இலக்கம் வேறு வேலைக்கானது, சுழியமாக்கிவிடுங்கள். ஒவ்வொரு பதிவும் 8 பைட் என்பதால் (எண்ணிக்கை 0-இலிருந்து) 170-ஆவது பதிவு 1360-ஆவது பைட்டில் தொடங்கும். அங்கே உள்ள 8 பைட்டைப் படித்தால் இரண்டாவது அட்டவணையின் முகவரி கிடைக்கும். அதில் 341-ஆவது பதிவு, 2728-ஆவது பைட். இப்படியே நான்காவது அட்டவணை வரை.

நான்காவது அட்டவணையில் கிடைத்த பதிவு 0000000012345025 என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று இலக்கமான 025 முகவரியைச் சேர்ந்தது இல்லை, அது கொடிகள். பைனரியில் பிரித்தால் 0, 2, 5 ஆகிய பிட்டுகள் எரிகின்றன: பக்கம் மெமரியில் இருக்கிறது, யூசர் பகுதி (சாதாரண புரோகிராம்கள்) தொடலாம், ஏற்கெனவே தொடப்பட்டிருக்கிறது. எழுதும் அனுமதிக்கான பிட் 1 அணைந்திருக்கிறது. கோட் பக்கத்துக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். கொடிகளை எடுத்துவிட்டால் 12345000, ஆஃப்செட் 149-ஐச் சேர்த்தால் 12345149. வந்துவிட்டோம்.

டேட்டா பக்கமாக இருந்தால் பதிவு 8000000012345067 போல இருக்கும். முன்னால் நிற்கும் 8 என்பது பிட் 63 எரிவது, ‘இங்கே உள்ளதை இயக்காதே’ என்ற கொடி. கடைசி மூன்று இலக்கத்தை மறக்காமல் நீக்குகிறவர்கள்கூட இந்த 8-ஐ விட்டுவிடுவார்கள். பிறகு ஃபிசிக்கல் முகவரி வானளவு பெரிதாக வந்து நிற்கும். முகவரிக்கு உரியவை பிட் 12 முதல் 51 வரை மட்டுமே.

இத்தனையும் செய்ய ஒரே கட்டளை இல்லையா?

உண்டு. வின்டிபிஜியின் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) டீபக்கிங்கில் ஆச்சரியக்குறியோடு ‘விடாப்’, ‘பிடிஇ’. முதலாவது ஃபிசிக்கல் முகவரியைத் தரும், இரண்டாவது வழியில் உள்ள பதிவுகளையும் கொடிகளையும் விரித்துக் காட்டும். லினக்ஸ் கெர்னல் டம்ப்புக்கு ‘க்ராஷ்’ கருவியிலும் ‘விடாப்’ இருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் க்யூஇஎம்யூவோடு ஜிடிபி இணைந்திருந்தால் ‘மானிட்டர்’ கட்டளை வழியாக ‘ஜிவிஏ2ஜிபிஏ’. ஆனால் அது தருவது விருந்தாளி இயந்திரத்தின் ஃபிசிக்கல் முகவரி. உண்மையான ராமில் அது எங்கே என்பது இன்னொரு அடுக்குக் கணக்கு.

சாதாரண புராசஸை ஜிடிபியில் பார்க்கும்போது ஃபிசிக்கல் முகவரி கிடைக்காது. லினக்ஸில் பேஜ்மேப் ஃபைலைப் படிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 8 பைட் பதிவு, அதில் 0 முதல் 54 வரையிலான பிட்டுகள் ஃப்ரேம் எண் (ஃபிசிக்கல் பக்கத்தின் வரிசை எண்), பிட் 63 எரிந்தால் பக்கம் மெமரியில் இருக்கிறது. 2015-இல் ராமின் பிட்டுகளைப் புரட்டும் ரோஹேமர் தாக்குதல் வெளிவந்தபிறகு இதற்கு அட்மின் உரிமை தேவைப்படுகிறது. இல்லாமல் படித்தால் ஃப்ரேம் எண் சுழியமாக வரும். சுழியம் வந்தால் கோடைக் குடையாதீர்கள், உரிமையைப் பாருங்கள்.

நான்காவது அட்டவணைக்குப் போவதற்குள் முகவரி முடிந்துவிடுகிறதே?

அது பெரிய பக்கம். மூன்றாவது அட்டவணைப் பதிவில் பிட் 7 எரிந்திருந்தால் அங்கேயே நிற்க வேண்டும், அது 2 எம்பி பக்கம். இரண்டாவது அட்டவணையில் எரிந்திருந்தால் 1 ஜிபி பக்கம். 2 எம்பி பக்கத்தில் ஆஃப்செட் 21 பிட். நம் முகவரியில் அது 155149. பக்கத்தின் தொடக்கம் 12400000 என்றால் விடை 12555149. பிட் 7-ஐப் பார்க்காமல் நான்காவது அட்டவணை என்று நினைத்துப் படித்தால், யாருடைய டேட்டாவையோ அட்டவணைப் பதிவு என்று எண்ணிப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பதிவின் கடைசி பிட் சுழியம். இப்போது என்ன செய்வது?

பக்கம் அந்த இடத்தில் இல்லை என்று பொருள். டிஸ்குக்குப் போயிருக்கலாம், இன்னும் தொடப்படாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட பதிவின் மற்ற பிட்டுகளை முகவரியாகப் படிக்கக் கூடாது, ஆபரேட்டிங் சிஸ்டம் அங்கே சொந்தக் குறிப்பு எழுதி வைத்திருக்கும். யூசர் பக்க டீபக்கரில் இந்தத் தொந்தரவு தெரியாது. படிக்கும்போதே கெர்னல் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்துவிடும். கெர்னல் டீபக்கரில் எல்லாமே நின்றுபோயிருக்கிறது, கொண்டுவர ஆள் இல்லை. வின்டிபிஜியில் ‘டாட் பேஜின்’ கொடுத்து, ஓடவிட்டு, மறுபடி நிற்கும்போது பார்க்க வேண்டும்.

அதே முகவரி, ஒவ்வொரு தடவையும் வேறு டேட்டா. எதனால்?

வேறு புராசஸில் நிற்கிறீர்கள். யூசர் முகவரி என்பது ஒரு சிஆர்3 மதிப்போடு சேர்ந்தால்தான் பொருள் உள்ளது.

இதில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். ஒரு டிரைவருக்குள் யூசர் பஃபர் ஒன்று கெட்டுப்போகிறது என்று புகார். பஃபர் முகவரியை முதல் நாளே குறித்துவைத்துவிட்டேன். கெர்னல் டீபக்கரை நிறுத்தும்போதெல்லாம் அந்த முகவரியைப் பார்ப்பேன். ஒரு தடவை சரியாக இருக்கும், மறுதடவை முழுக்கச் சுழியம், அப்புறம் ஏதோ எழுத்துகள். யாரோ மெமரியை அழிக்கிறார்கள் என்று உறுதியாக நம்பிவிட்டேன். உண்மையில் நிறுத்துகிற நொடியில் எந்த புராசஸ் ஓடிக்கொண்டிருந்ததோ, அதன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பஃபர் கெடவே இல்லை. பிழை நீளக் கணக்கில் இருந்தது, சரியான புராசஸுக்கு மாறிய பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

வின்டிபிஜியில் ‘டாட் புராசஸ்’ கட்டளையில் பி, ஆர் விருப்பங்களைச் சேர்த்து முதலில் மாறிக்கொள்ளுங்கள், பிறகு படியுங்கள். இன்னொன்றும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைபாடு வெளியானபின் வந்த பாதுகாப்பு மாற்றத்தால், அது இயங்கும் கணினிகளில் ஒரு புராசஸுக்கே இரண்டு சிஆர்3 மதிப்புகள்: யூசராக ஓடும்போது ஒன்று, கெர்னலுக்குள் இருக்கும்போது மற்றொன்று. யூசர் பக்கத்து மதிப்பை வைத்து நடந்தால் கெர்னல் முகவரிகளில் பெரும்பாலானவை இல்லை என்றே வரும்.

64 பிட் டீபக்கரில் 32 பிட் புரோகிராமைப் பார்க்கும்போது முகவரிகள் ஏன் விநோதமாக இருக்கின்றன?

இரண்டு காரணங்கள்.

முதலாவது, அளவு. மெமரியில் அடுத்தடுத்து 00401234, 00402340 என்று இரண்டு 32 பிட் பாயிண்டர்கள் இருக்கின்றன. 64 பிட் பார்வையில் ‘போய்’ போட்டால் எட்டு பைட்டையும் ஒன்றாக அள்ளி 0040234000401234 என்று தரும். இரண்டு முகவரிகள் ஒட்டிப் பிறந்தது போல. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 64 பிட் முகவரியில் பிட் 48 முதல் 63 வரை உள்ளவை பிட் 47-இன் நகலாகவே இருக்க வேண்டும். யூசர் முகவரி என்றால் முதல் நான்கு ஹெக்ஸ் இலக்கமும் சுழியம். இங்கே 0040 என்று வந்திருக்கிறது, ஆகவே இது ஒரு முகவரியாக இருக்கவே முடியாது. (ஐந்து அடுக்குப் பேஜிங் உள்ள கணினிகளில் இந்த எல்லை 57 பிட்டுக்கு நகரும்.) வின்டிபிஜியில் ‘டாட் எஃப்மாக்’ கட்டளையால் எக்ஸ்86 பார்வைக்கு மாறினால் தீர்ந்தது, இல்லையென்றால் ‘டிடபிள்யூஓ’ பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, குறி நீட்சி. 80001234 என்ற 32 பிட் முகவரியின் மேல் பிட் எரிந்திருக்கிறது. குறியுள்ள எண்ணாக நினைத்து 64 பிட்டுக்கு நீட்டினால் முன்னால் எட்டு ‘எஃப்’ வந்து ஒட்டிக்கொள்ளும். வின்டிபிஜி 32 பிட் முகவரிகளை உள்ளுக்குள் அப்படித்தான் வைத்துக்கொள்கிறது, ஆகவே அதன் திரையில் பார்த்தால் பதற வேண்டாம். ஆனால் உங்கள் கோடில் பாயிண்டரை இன்ட்டாக மாற்றி மறுபடி 64 பிட் பாயிண்டராக ஆக்கியிருந்தால், அது உண்மையான பிழை. 80000000-க்குக் கீழே உள்ள முகவரிகளில் எல்லாம் சரியாக ஓடி, மெமரி நிரம்பி முகவரி அந்தக் கோட்டைத் தாண்டும் நாளில்தான் விழும்.

முகவரியோடு 1 கூட்டினால் 4 கூடுகிறது. ஏன்?

வகை தெரிந்த பாயிண்டரை டீபக்கர் சி மொழியின் முறையில் கூட்டும். 555555559260 இன்ட் பாயிண்டர் என்றால் அடுத்தது 555555559264. 24 பைட் ஸ்ட்ரக்ட் என்றால் 555555559278. வெறும் பைட் கணக்கு வேண்டுமென்றால் கேர் பாயிண்டராக மாற்றிக்கொண்டு கூட்டுங்கள். வின்டிபிஜியில் ஒற்றைக் கேள்விக்குறி வெறும் எண்ணாகக் கூட்டும், இரட்டைக் கேள்விக்குறி சி++ முறையில் கூட்டும்.

லிஸ்ட் நோடின் முகவரி இருக்கிறது. அதைச் சுமக்கும் ஸ்ட்ரக்ட்டை எப்படிப் பிடிப்பது?

ஸ்ட்ரக்ட்டுக்குள் நோடு எத்தனை பைட் தள்ளி இருக்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். நோடு 555555559270-இல், ஆஃப்செட் 10 என்றால் ஸ்ட்ரக்ட் 555555559260-இல் தொடங்குகிறது. ஆஃப்செட்டை மட்டும் மனக்கணக்கில் போடாதீர்கள். கம்பைலர் இடையில் காலி பைட்டுகள் வைத்திருக்கும். வின்டிபிஜியில் ‘டிடி’ ஒவ்வொரு உறுப்புக்கும் ஆஃப்செட்டைச் சொல்லும். ஜிடிபி 8.1 முதல் ‘பிடைப்’ கட்டளைக்கு ‘ஓ’ விருப்பம் உண்டு, காலி இடங்களைக்கூடக் குறித்துக் காட்டும். கழித்துக் கிடைத்த முகவரியை அந்த வகையாக அச்சிட்டுப் பாருங்கள். உறுப்புகளின் மதிப்புகள் நம்பும்படி இருந்தால் சரி.

பாயிண்டர் என்று தெரிகிறது, ஆனால் எங்கும் போகவில்லை. கெட்டுப்போனதா?

முடிவுக்கு வரும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

கடைசி இலக்கம் 0 அல்லது 8 ஆக இல்லாவிட்டால், கீழ் பிட்டுகளில் வேறு தகவல் ஒளிந்திருக்கலாம். ஒழுங்குபடுத்திய முகவரியில் அந்தப் பிட்டுகள் எப்படியும் சுழியம் என்பதால் வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸ் கெர்னலின் ரெட்-பிளாக் மரத்தில் பெற்றோர் பாயிண்டரின் கீழ் பிட்டில் நிறம் இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் புராசஸின் டோக்கன் பாயிண்டருடைய கடைசி நான்கு பிட்டில் எண்ணிக்கை இருக்கிறது. டோக்கனில் கடைசி ஹெக்ஸ் இலக்கத்தைச் சுழியமாக்கிவிட்டு, மரத்தில் நிறத்துக்கான பிட்டை மட்டும் அணைத்துவிட்டுப் பின்தொடருங்கள்.

ஏஆர்எம்64 செயலி என்றால் முகவரியின் மேல் பிட்டுகளைப் பாருங்கள். அங்கே பாயிண்டர் கையொப்பமோ டேகோ ஒட்டியிருக்கலாம். அவற்றைக் களைந்தால்தான் முகவரி.

மூன்றாவது, விடுவிக்கப்பட்ட ஹீப் மெமரி (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி). லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.32 முதல் சிறிய காலித் துண்டுகளின் ‘அடுத்தது’ பாயிண்டர் அப்படியே எழுதப்படுவதில்லை. எழுதப்படும் இடத்தின் முகவரியைப் பன்னிரண்டு பிட் வலது பக்கம் தள்ளி, அதோடு எக்ஸார் செய்து எழுதுகிறார்கள். 555555559260-இல் உள்ள துண்டு பட்டியலின் கடைசி என்றால் அடுத்தது சுழியம். ஆக அங்கே நீங்கள் பார்ப்பது 0000000555555559. தன் முகவரியே மூன்று இலக்கம் தேய்ந்து தெரியும். இந்த உருவத்தைக் கண்டால் யாரோ மெமரியைக் கெடுத்தார்கள் என்று தேட வேண்டாம், ‘ஃப்ரீ செய்த பிறகு யார் இதைப் படிக்கிறார்கள்’ என்று தேடுங்கள். மற்ற துண்டுகளில் உண்மையான பாயிண்டர் வேண்டுமென்றால் அதே எக்ஸாரை இன்னொரு தடவை செய்தால் போதும்.

நடுவில் கோலன் உள்ள முகவரியை எப்படி மாற்றுவது?

அது செக்மென்ட்டும் ஆஃப்செட்டும். 1978-இல் வந்த 8086இல் 20 பிட் முகவரி, ரெஜிஸ்டரோ 16 பிட். அதனால் செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டும் முறை வந்தது. ஹெக்ஸில் பெருக்குவதென்றால் பின்னால் ஒரு சுழியம் சேர்ப்பதுதான். பயாஸ் டேட்டா பகுதியில் ஷிஃப்ட் விசை நிலை இருக்கும் 0040:0017 என்பது 400 கூட்டல் 17, ஆக 417. 0041:0007 என்று எழுதினாலும் அதே 417தான். எனவே கோலன் முகவரிகளை அப்படியே ஒப்பிடாமல், நேர் முகவரியாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

க்யூஇஎம்யூவில் பூட் செக்டார் எழுதிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிடிபிக்கு ரியல் மோட் (8086 போல இயங்கும் நிலை) செக்மென்ட் தெரியாது. அது காட்டும் பிசி (அடுத்து இயங்க வேண்டிய கட்டளையின் இடம்) வெறும் ஆஃப்செட். சிஎஸ் (கோட் செக்மென்ட் ரெஜிஸ்டர்) பெருக்கல் 16 கூட்டல் பிசி என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

64 பிட்டில் எஃப்எஸ், ஜிஎஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டர்கள் இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் 16-ஆல் பெருக்கும் கணக்கு அங்கே செல்லாது. அவற்றின் பேஸ் தனியாக இருக்கும், அதோடு ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். 64 பிட் விண்டோஸில் ஜிஎஸ்ஸின் 30-இல் த்ரெட்டின் தகவல்களை வைத்திருக்கும் டிஇபி பகுதியின் முகவரியே எழுதப்பட்டிருக்கும், 32 பிட்டில் எஃப்எஸ்ஸின் 18-இல்.

டம்ப் ஃபைலில் சரியான முகவரிக்கும் கேள்விக்குறிகளே வருகின்றன. முகவரி தவறா?

அநேகமாக இல்லை. மினிடம்ப்பில் த்ரெட் ஸ்டாக்குகளும் இன்னும் சிலவும்தான் சேமிக்கப்படும். ஹீப் முழுவதும் இருக்காது. முகவரியை மாற்றும் கணக்கு சரியாக இருந்தாலும் காட்ட டேட்டா இல்லை. முழு டம்ப் கேட்டு வாங்குங்கள்.

ஃபிசிக்கலிலிருந்து வர்ச்சுவலுக்குத் திரும்பி வர முடியுமா?

வரலாம், ஆனால் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பகிரப்படும் லைப்ரரியின் ஒரே ஃபிசிக்கல் பக்கம் பல புராசஸ்களில் பல முகவரிகளில் தெரியும். வின்டிபிஜியின் ‘பிடாவ்’ ஒரு புராசஸின் ஃபிசிக்கல்-வர்ச்சுவல் ஜோடிகள் அனைத்தையும் கொட்டும். பட்டியல் நீளம், ஒரு ஃபைலில் பதிந்துகொண்டு தேடுவது நல்லது. லினக்ஸ் கெர்னலுக்குள் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. ராம் முழுவதும் ஒரே நேர்கோடாக ஒரு பகுதியில் மேப் செய்யப்பட்டிருக்கிறது. அதன் தொடக்க முகவரியைக் கூட்டினால் வர்ச்சுவல், கழித்தால் ஃபிசிக்கல். கேஏஎஸ்எல்ஆர் (கெர்னலுக்கான ஏஎஸ்எல்ஆர்) இருந்தால் அந்தத் தொடக்கமும் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம் என்பதால் அதே பூட்டில் எடுத்த மதிப்பையே பயன்படுத்துங்கள். கெர்னலில் மெமரி ஒதுக்கும் விமால்லாக் ஃபங்ஷன் கொடுத்த முகவரிகளுக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அவற்றின் பக்கங்கள் ராமில் சிதறிக் கிடக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்டவணை வழியாகத்தான் நடந்து போக வேண்டும்.